வெயிலில் முகங்கள் மங்குகின்றன, மாலையில் தெளிகின்றன: இது என்ன நோய்?

கேள்வி: எனக்கு 46 வயது. பள்ளி ஆசிரியை. ஏறக்குறைய ஒரு வருடமாக வெயிலில் இறங்கினால் எதிரே வருபவரின் முகம் தெரிவதில்லை. எல்லாவற்றின் மேலும் வெள்ளை பூசியது போல ஆகிவிடுகிறது. வலது கண்ணில் கொஞ்சம் அதிகம். வலியோ, சிவப்போ, நீர் வடிதலோ இல்லை. பொழுது சாய்ந்ததும் நன்றாகத் தெரிகிறது. பளிச்சென்ற விளக்குக்குக் கீழே விடைத்தாள் திருத்தினால் எழுத்து மங்குகிறது. விளக்கைத் தள்ளி வைத்தால் தேவலை. இரவில் எதிரே வண்டி வந்தால் அதன் விளக்கு ஒளி பரவி, சாலையே மறைந்துவிடுகிறது. மூட்டுவாதத்துக்காகப் பல வருடங்களாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். கண்ணாடிக் கடையில் சோதித்துவிட்டு, 6/6 இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார்கள். வீட்டில் இதை என் பிரமை என்கிறார்கள். இரவில் தெரியாவிட்டால் மாலைக்கண் என்கிறோம். பகலில் தெரியாவிட்டால் அதற்கு என்ன பெயர்? இது பரம்பரை நோயா? என் பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். மங்கிய வெளிச்சத்தை விட நல்ல வெளிச்சத்தில் பார்வை குறைவதற்கு மருத்துவத்தில் ‘ஹெமரலோபியா’ என்று பெயர். பகல் குருடு என்றும் சொல்வதுண்டு. குருடு என்றதும் பாதிப் பேருக்கு உயிர் போய்விடுகிறது, அதனால் நோயாளிகளிடம் நான் பகல் பார்வைக் குறைவு என்றுதான் சொல்வேன். இணையத்தில் தேடும்போது மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பிரெஞ்சு மொழியில் இதே சொல் மாலைக்கண்ணைக் குறிக்கும். பழைய மருத்துவ நூல்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஹெமரலோபியா என்று தேடிப் போய், வைட்டமின் ஏ குறைவு என்று எங்காவது படித்துவிட்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். அது உங்கள் பிரச்சினைக்கு நேர் எதிரான நோய்க்குச் சொன்னது.

ஹெமரலோபியா என்பது அறிகுறியின் பெயர்தான், நோயின் பெயர் இல்லை. கருவிழி (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம்), விழி லென்ஸ், விழித்திரை (கண்ணின் பின்பக்கம் ஒளியை உணரும் படலம்) என்று கண்ணில் பல இடங்களிலிருந்து இந்த அறிகுறி வரலாம். எந்த இடம் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. உங்கள் கடிதம் அந்த வேலையில் பாதியை முடித்துக் கொடுத்துவிட்டது. இவ்வளவு கவனித்து எழுதுபவர்கள் குறைவு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ‘வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வருபவர்களில் இரண்டு வகை. ஒரு வகையினருக்கு வெளிச்சம் பட்டால் கண் கூசும், வலிக்கும், இமை தானாக மூடிக்கொள்ளும். அதற்கு ‘போட்டோபோபியா’ என்று பெயர். பெயரில் போபியா இருந்தாலும் மனப் பயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கருவிழியில் கீறல், கண்ணுக்குள் அழற்சி, கண் வறட்சி, ஒற்றைத் தலைவலி எல்லாம் இந்தப் பக்கம் சேரும். இன்னொரு வகையினருக்கு வலி கிடையாது, கண்ணை நன்றாகவே திறந்து வைத்திருப்பார்கள், ஆனால் பார்ப்பது தெரியாது. நீங்கள் இந்த இரண்டாவது வகை. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிதல் இல்லை என்று நீங்கள் சொன்னதை வைத்து முதல் பட்டியலை இப்போதைக்கு ஓரம் வைக்கிறேன்.

சரி, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது எது தெரியுமா? வெயில் கூட இல்லை, விளக்கைத் தள்ளி வைத்தால் தேவலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். 46 வயதில் யாருக்கும் கிட்டே இருப்பதைப் பார்க்கும் திறன் கொஞ்சம் தளரும், வெள்ளெழுத்து வரும். ஆனால் வெள்ளெழுத்துக்காரர்கள் விளக்கைத் தேடி அதன் அருகே போவார்கள். வெளிச்சம் கூடினால் கண் பாவை சுருங்கும், பாவை சுருங்கினால் எழுத்து கூர்மையாகும். உங்களுக்கு அது தலைகீழாக நடக்கிறது. பாவை சுருங்கும் போதெல்லாம் பார்வை குறைகிறது என்றால், அந்தச் சிறு துளைக்கு நேர் பின்னால் ஏதோ மறைக்கிறது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

அப்படி மறைப்பவற்றில் முதல் சந்தேகம் ஒரு வகைக் கண்புரை. புரை என்றதும் முதியவர்களின் கண்ணில் வெள்ளையாகப் பூத்துத் தெரிவதை நினைக்காதீர்கள். இது லென்ஸின் பின்பக்க உறைக்குச் சற்று முன்னால், நட்டநடுவில், சின்னத் திட்டாகப் படியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நல்ல வெயிலில் கண் பாவை 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். உள்ளே போகும் ஒளி முழுவதும் அந்தத் திட்டு வழியாகவே போக வேண்டும். மாலையில் பாவை விரிந்ததும் திட்டைச் சுற்றியுள்ள தெளிவான பகுதி வழியாக ஒளி போகிறது, பார்வை திரும்பிவிடுகிறது. படிக்கும்போதும் பாவை சுருங்கும், அதனால்தான் விடைத்தாளில் தடுமாற்றம். திட்டில் படும் ஒளி சிதறவும் செய்யும். தூசி படிந்த வண்டிக் கண்ணாடி நிழலில் சுத்தமாகத்தான் தெரியும், சூரியனுக்கு நேரே திரும்பினால் ஒரே வெள்ளையாகி வழி தெரியாது. எதிரே வரும் வண்டி விளக்கில் உங்களுக்கு ஆவதும் அதுதான்.

இந்த வகைப் புரை சீக்கிரமே வருவதற்கான பெரிய காரணங்களில் ஒன்று நீண்ட நாள் ஸ்டீராய்டு. சர்க்கரை நோய், கண்ணில் பழைய அடி, கண்ணுக்குள் பல முறை வந்த அழற்சி ஆகியவையும் உண்டு. ஆகவே உங்கள் வயது, மாத்திரை, வெயில், விளக்கு எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது முறையில்லை. ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் இதன் மேல்தான் கட்டுவேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு மாத்திரையை நாளையே நிறுத்திவிடாதீர்கள். பல வருடம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்த உடம்பில், இயற்கையாக ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை உங்கள் மூட்டு மருத்துவர் முடிவு செய்யட்டும். அவருக்குக் கண்ணில் நடப்பதைச் சொல்லுங்கள். கண் மருத்துவரிடம் மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை வருடம் என்பதை எழுதியே கொண்டு போங்கள். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தையும் ஏற்றும். அந்த அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுப்பதுதான் கிளாகோமா. அது வலியில்லாமல் வரும், போன பார்வையைத் திருப்பித் தராது. புரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 6/6 கதைக்கு வருவோம். கண்ணாடிக் கடையில் சொன்னது பொய் இல்லை. அவர்கள் சோதித்த இடமும் விதமும்தான் உங்கள் பிரச்சினையைத் தப்பவிட்டன. 1862-ல் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் வடிவமைத்த எழுத்துப் பலகையின் வழிவந்ததைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். வெள்ளைப் பின்னணியில் கன்னங்கரிய எழுத்து, அதையும் பெரும்பாலும் விளக்கைக் குறைத்த அறையில் காட்டுகிறோம். உங்கள் கண் பாவை நன்றாக விரிந்திருக்க, எதிரே அடர்ந்த கறுப்பு எழுத்து இருந்தால் ஏன் தெரியாது? உங்களுக்குத் தெரியாதது வெயிலில் ஒரு முகம். முகத்தில் அவ்வளவு கறுப்பு வெள்ளை கிடையாது, மெல்லிய நிழல்கள்தான். ஆகவே பிரமை என்று சொன்னவர்களிடம், இருட்டறையில் எடுத்த மதிப்பெண் பகலுக்குச் செல்லாது என்று சொல்லிவிடுங்கள்.

கண் மருத்துவரிடம் போகும்போது, ‘கண் மங்கலாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லாமல், ‘வெளிச்சத்தில் மங்குகிறது, மங்கலில் தெளிகிறது’ என்றே சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் சோதனையின் போக்கே மாறும். எழுத்துப் பலகையைப் பார்க்கும்போதே கண்ணருகில் பிரகாசமான ஒளி காட்டி, எத்தனை வரி குறைகிறது என்று பார்க்கலாம். அதற்கென்று கிண்ணம் போன்ற ஒரு கருவியும் உண்டு. அது இல்லாத இடத்தில் பக்கவாட்டில் ஒரு டார்ச் போதும். இருட்டறையில் 6/6 படித்தவர் ஒளி காட்டியதும் மூன்று நான்கு வரி இறங்கிவிட்டால் காரணம் கிட்டத்தட்ட கையில் கிடைத்துவிட்டது. அப்புறம் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, ஸ்லிட் லேம்ப் என்ற நுண்ணோக்கிக் கருவியில் லென்ஸையும், பிறகு விழித்திரையையும் பார்ப்பார்கள். சொட்டு மருந்து விட்ட பின் நாலைந்து மணி நேரம் கூச்சமும் மங்கலும் இருக்கும். வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள்.

போவதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைக் கவனித்து வைக்கலாம். வெளியில் நிழலில் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், அப்புறம் மறு கண்ணை. எந்தக் கண் எவ்வளவு என்று தெரியும். புருவத்துக்கு மேல் கையைக் குடை பிடித்தால் முகங்கள் தெளிகின்றனவா? தெளிந்தால் ஒளிச் சிதறல்தான் முக்கியக் காரணம், அதாவது லென்ஸ் அல்லது கருவிழி. கையைக் குடை பிடித்தும் பெரிய மாற்றம் இல்லையென்றால் விழித்திரையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வெயிலிலிருந்து உள்ளே வந்த பின் பார்வை திரும்ப எவ்வளவு நேரமாகிறது, நிறங்கள் முன்பைப் போலவே தெரிகின்றனவா என்பதும் முக்கியம். சூரியனை நேராகப் பார்த்துச் சோதிக்கும் வேலை மட்டும் வேண்டாம். உங்கள் மூக்குக் கண்ணாடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறல் விழுந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ‘எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது’ என்று வருபவர்களும் இருக்கிறார்கள், சிரிக்காதீர்கள்.

விழித்திரை என்று சொன்னேன் அல்லவா, பரம்பரைக் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு விதம். குச்சி செல்கள் சுமார் 12 கோடி, அவை மங்கிய ஒளிக்கு. கூம்பு செல்கள் 60 லட்சத்தை ஒட்டி, அவை பகலுக்கும் நிறத்துக்கும் நுணுக்கமான பார்வைக்கும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம். வீட்டுக்குள் நல்ல விளக்கு வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும், உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அந்த வெயிலில் குச்சி செல்கள் திணறி வேலையை நிறுத்திவிடும், பகல் முழுவதும் கூம்புகளின் பொறுப்பு. கூம்புகள் பிறவியிலேயே வேலை செய்யாதவர்களும், நடுவில் பழுதாகத் தொடங்குபவர்களும் உண்டு. மருத்துவ நூல்களில் ஹெமரலோபியாவுக்கு முதல் உதாரணமாக வருபவர்கள் அவர்கள்தான். நீங்கள் எங்கோ படித்துப் பயந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

பிறவியிலேயே வருவதற்கு ‘அக்ரோமடாப்சியா’ என்று பெயர். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும். நிறமே தெரியாது, கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்கள் நிலையில்லாமல் ஆடும், வெயிலில் குழந்தை கண்ணைத் திறக்காது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். இருவரும் அதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. பசிபிக் கடலில் பிங்கெலாப் என்ற சின்னத் தீவில் 1775-ஐ ஒட்டி அடித்த புயலில் மக்கள்தொகை சுமார் 20 பேராகச் சுருங்கியது. தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவரிடம் அந்த மரபணு இருந்ததால், வழிவந்தவர்களில் நூற்றுக்கு நாலு முதல் பத்துப் பேர் வரை இந்தக் குறையோடு பிறக்கிறார்கள். அலாஸ்கன் மாலமூட் என்ற நாய் இனத்திலும் இதே மரபணுவில் குறை உண்டு. இரவில் தெம்பாகத் திரியும் நாய்க்குட்டி பகலில் முட்டி மோதும்.

46 வருடம் நிறம் பார்த்து, தாள் திருத்தி வாழ்ந்த உங்களுக்கு இது இல்லை. கூம்பு செல்கள் பிற்காலத்தில் பழுதாகும் வகைகள் பெரும்பாலும் சிறு வயதிலோ இளமையிலோ தலைகாட்டும். நடுவயதில் தொடங்குவதும் உண்டு என்பதால்தான் நிறத்தைப் பற்றிக் கேட்டேன். லென்ஸ் தெளிவாக இருந்து, ஆனாலும் பார்வை குறைகிறது என்றால் ‘இஆர்ஜி’ என்ற சோதனை செய்வார்கள். நொடிக்கு 30 முறை மினுக்கும் ஒளியைக் காட்டி விழித்திரையின் மின் துடிப்பை அளப்பார்கள். அந்த வேகத்துக்குக் குச்சி செல்களால் ஈடுகொடுக்க முடியாது, ஆகவே வரும் பதில் கூம்புகளுடையது. அந்தப் பரம்பரை நோய்களுக்கு மரபணுச் சிகிச்சை ஆராய்ச்சி நடக்கிறது. இன்று கைக்கு எட்டுவது நிறமூட்டிய கண்ணாடியும் பார்வைத் துணைக் கருவிகளும்தான். உங்களுக்கு வந்திருப்பது ஸ்டீராய்டு புரை என்றால், பிள்ளைகளுக்குப் பரம்பரையாக வரும் என்ற பயமே தேவையில்லை.

பிள்ளைகள் என்றதும் நினைவுக்கு வருகிறது, மற்ற வாசகர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தை வெளிச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நீர் வடிந்து, கருவிழி வழக்கத்தை விடப் பெரிதாகவோ புகைபோலவோ தெரிந்தால் அது பிறவிக் கிளாகோமாவாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். வெயிலில் போனால் எப்போதும் ஒரே கண்ணை மூடிக்கொள்ளும் சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். ‘பழக்கதோஷம்’ என்று விட்டுவிடுவார்கள். அது பல நேரம் அவ்வப்போது வெளிப்பக்கம் விலகும் மாறுகண்ணின் அடையாளம்.

பெரியவர்களில் அவசரமாகப் போக வேண்டிய சில நிலைகள் இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் வலி, கண் சிவப்பு, பார்வைக் குறைவு மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே. காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு இவற்றோடு வெளிச்சமும் தாங்கவில்லை என்றால் கண் மருத்துவரைத் தேடாமல் நேரே அவசரப் பிரிவுக்கு, மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். மூன்றாவது ஒன்று பலருக்குத் தெரியாது. வெயிலில் நின்றதும் ஒரே ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கி, சில நிமிடங்கள் கழித்துத் திரும்புகிறது என்றால், கழுத்தில் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் வெகுவாக அடைத்திருக்கலாம். பளிச்சென்ற ஒளி பட்ட விழித்திரைக்கு இரத்தம் நிறைய வேண்டும், அடைத்த குழாயால் அதைக் கொடுக்க முடியாது. பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக அது இருக்கலாம். உங்களுக்கு வலது கண்ணில் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கண்ணிலும் இருக்கிறது, ஒரு வருடமாக ஒரே மாதிரி இருக்கிறது என்பதால் அந்தச் சந்தேகம் எனக்கு அவ்வளவாக இல்லை. வந்து வந்து போனால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கும் வரை என்ன செய்யலாம்? கூலிங் கிளாஸை விட அகலமான விளிம்புள்ள தொப்பிக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். மேலிருந்து நேரே கண்ணில் விழும் ஒளியைத் தடுத்தாலே சிதறல் பாதி குறைந்துவிடும். கூலிங் கிளாஸ் வாங்கினால் நிறத்தின் அடர்த்தியைப் பார்த்து மயங்க வேண்டாம். புற ஊதாக் கதிரை முழுவதும் தடுக்கிறதா என்று ‘யுவி 400’ குறியைப் பாருங்கள். எவ்வளவு ஒளியை உள்ளே விடும் என்பதைக் காட்ட கூலிங் கிளாஸுக்கு வகை எண் உண்டு. மூன்றாம் எண் வகை 8 முதல் 18 சதவீத ஒளியை உள்ளே விடும், அது போதும். நான்காம் எண் வகை 3 முதல் 8 சதவீதம்தான் விடும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. சாலையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் பட்டுத் தெறிக்கும் ஒளி தொல்லை என்றால் போலரைஸ்டு கண்ணாடி உதவும். வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி காருக்குள் அவ்வளவாகக் கறுக்காது, காரின் முன்கண்ணாடியே புற ஊதாவைத் தடுத்துவிடுவதால். வீட்டுக்குள் கூலிங் கிளாஸ் வேண்டவே வேண்டாம், கண் இருட்டுக்குப் பழகிக் கூச்சம் கூடும். விடைத்தாளுக்கு விளக்கை முன்னால் வைக்காமல் தோளுக்குப் பின்னாலிருந்து தாள் மேல் விழும்படி வையுங்கள். இரவில் வண்டி ஓட்டுவதை இப்போதைக்கு வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள். இதில் மட்டும் பேரம் கிடையாது.

புரைதான் என்று உறுதியானால் அறுவை சிகிச்சை ஒன்றே வழி, சொட்டு மருந்தில் கரையாது. ஆனால் எப்போது செய்வது என்பதை எழுத்துப் பலகை முடிவு செய்யக் கூடாது. 6/6 இருக்கிறதே, காத்திருங்கள் என்று யாராவது சொன்னால், ஒளி காட்டிச் சோதித்த அளவைக் கேளுங்கள். வேலையும் சாலையும் உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாகிவிட்டன என்பதைச் சொல்லுங்கள். அதுவே முடிவுக்குப் போதுமான காரணம். உள்ளே வைக்கும் லென்ஸைப் பற்றிப் பேசும்போது, கிட்டவும் தூரமும் தெரியும் பலகுவிய லென்ஸை எடுத்துக் காட்டுவார்கள். சிலருக்கு அதில் இரவு விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். வெளிச்சத்தால் ஏற்கனவே அவதிப்படும் உங்களுக்கு ஒரே குவியமுள்ள சாதாரண லென்ஸ் நல்லது, படிக்கத் தனியாகக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அறுவைக்குப் பின் சில மாதமோ சில வருடமோ கழித்து மறுபடியும் வெயிலில் மங்கினால் புரை திரும்பிவிட்டது என்று பயப்படாதீர்கள். லென்ஸைத் தாங்கும் பின் உறை சிலருக்கு மங்கலாகும். யாக் லேசரில் சில நிமிட வேலை, கத்தி வைக்க வேண்டியதில்லை.